ஓயாமல் அலையும் நாய், வயிற்றை நக்கியே வெறுமையாக்கும் பூனை: பதற்றமும் கவனச்சிதறலும் கொண்ட செல்லப்பிராணிகளுக்கான முழுமையான வழிகாட்டி

வாசல்மணி ஒலித்துப் பத்து நிமிடம் ஆன பிறகும் கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும் நாய், தட்டில் வைத்த உணவைப் பாதியில் விட்டுப் பல்லியைத் துரத்தப் போய் அதையும் மறந்துவிட்டு வேறெங்கோ நிற்கும் குட்டி, வீட்டார் செருப்பை மாட்டினாலே நடுங்கத் தொடங்கும் நாய், வயிற்றில் ஒரு முடிகூட மிஞ்சாதபடி நாளெல்லாம் நக்கிக்கொண்டிருக்கும் பூனை, தன் இறகைத் தானே பிடுங்கிப் போடும் கிளி ஆகியவற்றைப் பார்க்கும்போது நமக்குத் தெரிந்த மனிதர்கள் சிலர் நினைவுக்கு வருவது இயல்புதான். "இவனுக்கும் ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த கோளாறு) இருக்கு போல" என்று சொல்லிச் சிரித்து, செல்போனில் படம்பிடித்து நாலு பேருக்கு அனுப்புவதோடு பெரும்பாலான வீடுகளில் விஷயம் முடிந்துவிடுகிறது. நாம் சிரிக்கும் அந்த நேரத்தில் அந்தப் பிராணி உண்மையாகவே அவதிப்பட்டுக்கொண்டிருக்கலாம். அந்த அவதிக்கான காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவும் பல சமயங்களில் குறைக்கவும் முடியும்.

கீழே சொல்லப்படும் படிகளின் வரிசை முக்கியமானது. பயிற்சியாளரை அழைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் போவதற்கு முன் நாம் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். வரிசை மாறினால் இடுப்பு வலியில் இருக்கும் நாய்க்கு 'உட்கார்' என்ற கட்டளையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்து, அது கேட்கவில்லை என்று அதன் மீதே கோபப்படுவோம்.

மனிதர்களோடு உள்ள ஒற்றுமை எவ்வளவு தூரம் உண்மை

குழந்தைகளின் கவனக்குறைவையும் மிகைத் துடிப்பையும் மதிப்பிடப் பெற்றோரிடம் கேட்கும் கேள்வித்தாளை, நாய் வளர்ப்போர் பதில் சொல்லும்படி மாற்றியமைத்து, புடாபெஸ்ட் நகரின் எட்வெஷ் லோராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்டனர். அதன் பிறகு இந்தத் துறையில் பெரிய அளவில் தரவு சேர்த்தவர்கள் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் ஹன்னஸ் லோஹியின் தலைமையில் இயங்கும் குழுவினர். ஏறத்தாழ 13,700 ஃபின்லாந்து நாய்களைப் பற்றி உரிமையாளர்கள் தந்த விவரங்களை வைத்து அவர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 72.5 சதவீத நாய்களிடம் பதற்றத்தோடு தொடர்புடைய ஏதாவது ஒரு நடத்தையாவது காணப்பட்டது. அவற்றில் மிகப் பரவலாக இருந்தது ஒலியச்சம், 32 சதவீதம். அதே குழு 11,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2021-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மிகைத் துடிப்பும் கவனக்குறைவும் இளம் நாய்களிடமும், ஆண் நாய்களிடமும், வீட்டில் தனியாக அதிக நேரம் விடப்படும் நாய்களிடமும் கூடுதலாக இருந்தன. மிகைத் துடிப்பும் கவனக்குறைவும் உள்ள நாய்களிடம் அச்சமும், வாலைத் துரத்துவது போன்ற திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களும் சேர்ந்து காணப்பட்டன.

ஆகவே ஒற்றுமை கற்பனை அன்று. இருந்தாலும் மனிதர்களுக்கான நோய்ப்பெயரை நாயின் மீது ஒட்டுவதை நான் ஏற்கவில்லை. பெயர் கிடைத்துவிட்டால் தேடல் நின்றுவிடுகிறது என்பதே காரணம். 'இவனுக்குப் பதற்றநோய்' என்று முடிவு கட்டிய வீட்டில், அவன் காதில் சீழ் பிடித்திருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை.

முதல் படி: இரண்டு வாரம் கவனித்துக் குறித்துக்கொள்வது

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு முறை அந்த நடத்தை நிகழும்போதும் மணி, இடம், அதற்குச் சற்று முன் நடந்தது, அது நீடித்த நேரம், எப்படி நின்றது, அப்போது வீட்டில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பவற்றை எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது மிகவும் தேவையான விவரம். நாய் வாலைத் துரத்தும்போதெல்லாம் குழந்தைகள் கைதட்டிச் சிரித்தால், கவனம் கிடைக்கும் என்பதற்காகவே அது மறுபடியும் சுற்றலாம். வீட்டில் ஆளில்லாதபோதும் அதே வேகத்தில் சுற்றுகிறது என்றால் அது வேறு பிரச்சினை. இந்த வேறுபாட்டைக் கண்டறிய ஒரே வழி, ஆளில்லாத வீட்டைப் படம்பிடிப்பதுதான்.

பழைய செல்போன் ஒன்றை அலமாரியின் மேல் சாய்த்து, வாசற்கதவு தெரியும்படி வைத்து, பதிவை இயக்கிவிட்டு, வழக்கமாகக் கிளம்புவதுபோலவே கிளம்புங்கள். முதல் அரை மணி நேரம்தான் நமக்கு வேண்டியது. வெறும் சலிப்பில் இருக்கும் நாய் கதவைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து தலையணையைக் கடிக்கும். கடிக்கும்போது அதன் உடல் தளர்வாக இருக்கும். பிரிவுப் பதற்றம், அதாவது வீட்டார் விட்டுப் போனாலே எழும் பதற்றம், உள்ள நாய் அப்படி இருக்காது. கதவு சாத்திய சில நிமிடங்களுக்குள்ளேயே, சில நாய்கள் அந்த நொடியிலேயே, மூச்சிரைக்கத் தொடங்கும். வாயோரம் எச்சில் வடியும். கதவுக்கும் சன்னலுக்கும் இடையே ஒரே தடத்தில் நடக்கும். நிலைக்கதவின் அடிப்பகுதியைப் பிறாண்டும். நீங்கள் போகும்போது வைத்த கோழித்துண்டை மோந்துகூடப் பார்க்காது. அந்தத் தீண்டப்படாத துண்டு மருத்துவருக்கு நிறையச் சொல்லும்.

மூச்சிரைப்பும் நடுக்கமும் எவர் கண்ணுக்கும் தெரியும். அவற்றுக்கு முன்பே நாய் காட்டும் சிறிய அடையாளங்களைப் படிக்கப் பழகுவதுதான் பலன் தரும்: உணவு இல்லாதபோது மூக்கை நக்குவது, தூக்கம் இல்லாதபோது கொட்டாவி விடுவது, முன்னங்கால் ஒன்றை லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்பது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது. பூனையிடம் அறிகுறிகள் இன்னும் அடக்கமாக இருக்கும். வால்நுனி தரையில் தட்டுவது, முதுகுத்தோல் அலைபோல் நெளிவது, வழக்கமாகப் படுக்கும் இடத்தை விட்டுக் கட்டிலுக்கடியில் ஒதுங்குவது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: உடலில் நோய் இல்லை என்பதை உறுதிசெய்வது

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸும் அவருடைய சகாக்களும் 2020-இல் வெளியிட்ட கட்டுரையில், நடத்தைப் பிரச்சினைக்காகத் தங்களிடம் அனுப்பப்படும் பிராணிகளில் குறைந்தபட்சம் மூன்றில் ஒரு பங்கிற்கு ஏதோ ஒரு வகை வலி இருப்பதாகவும், சில தொகுப்புகளில் அது 80 சதவீதம் வரை போவதாகவும் எழுதினர். சத்தத்துக்கு அஞ்சும் 20 நாய்களை ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றும் இங்கே பொருந்தும். அவற்றுள் மூட்டு, தசை வலி உள்ள நாய்களுக்கு அச்சம் சராசரியாகப் பல ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. திடுக்கிடும்போது தசை இறுகி வலிப்பதால் சத்தத்தோடு வலியும் சேர்ந்து பதிந்துவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இதுவரை பட்டாசுக்கு அசையாத நாய் ஆறு, ஏழு வயதில் திடீரென அஞ்சத் தொடங்கினால், அதன் இடுப்பையும் முதுகையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் அது எழுந்திருக்கும் விதத்தைப் பக்கவாட்டில் நின்று படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுவது உதவும். மருத்துவமனை மேசையின் மீது பரபரப்பில் நிற்கும் நாய் நொண்டுவதை மறைத்துவிடும்.

உடலை நக்கும் பூனைக்கு வருவோம். மன உளைச்சலால் முடியை நக்கி உதிர்ப்பதாகக் கருதப்பட்ட 21 பூனைகளை முறையாகப் பரிசோதித்து 2006-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 16 பூனைகளுக்கு உடல் சார்ந்த காரணமே முழு விளக்கமாக இருந்தது. மனம் மட்டுமே காரணம் என்று சொல்லத்தக்கவை இரண்டே இரண்டு. பெரும்பாலானவற்றுக்கு இருந்தது ஒவ்வாமை. நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது தெள்ளுப்பூச்சியை. நெருக்கமான பற்களுள்ள சீப்பால் வால் தொடங்கும் இடத்தில் வாரி, சீப்பில் வரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது மண்ணன்று, தெள்ளு கழித்த இரத்தம். பூனை தெள்ளுப்பூச்சிகளை நக்கியே விழுங்கிவிடும் என்பதால் கண்ணுக்கு ஒரு பூச்சிகூடத் தென்படாமல் போகலாம்.

தரையையும் சுவரையும் ஓயாமல் நக்கும் நாய்களிடமும் இதே கதைதான். அப்படிப்பட்ட 19 நாய்களை ஆராய்ந்தபோது 14 நாய்களுக்கு இரைப்பையிலோ குடலிலோ கோளாறு இருந்தது. இல்லாத ஈயைக் கவ்வுவதுபோல் வெறுங்காற்றைக் கடிக்கும் நாயைப் பார்த்தால் சிரிப்பு வரும்; அதற்கும் வயிற்றுக் கோளாறோ வலிப்பு நோயோ காரணமாக இருக்கலாம். வயதான பூனை திடீரெனச் சுறுசுறுப்பாகி, நிறையத் தின்றும் இளைத்து, இரவில் கத்தினால் தைராய்டு மிகைச் சுரப்பைச் சந்தேகிக்க வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட நாய் நள்ளிரவில் அலைந்து, மூலையில் சிக்கிக்கொண்டதுபோல் நின்றால் அது முதுமையில் வரும் மூளைத் தளர்ச்சியாக இருக்கலாம். ஆண் பூனை மண்பெட்டியில் முக்கி முக்கி உட்கார்ந்து சிறுநீர் வராமல் வெளியேறுகிறது என்றால் குறிப்பேடு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்; அது உயிருக்கு ஆபத்தான அடைப்பு, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ராஜபாளையம் நாய் வளர்ப்போருக்குத் தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடல் முழுதும் வெண்மையும் மூக்கில் இளஞ்சிவப்பும் கொண்ட இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாமை வருவது அறியப்பட்ட ஒன்று. கூப்பிட்டால் திரும்பாத, கட்டளைக்கு அசையாத, தொட்டவுடன் திடுக்கிட்டுக் கடிக்க வரும் குட்டியைப் 'பிடிவாதக்காரன்', 'கவனமே இல்லாதவன்' என்று அடிப்பதற்கு முன், அது தூங்கும்போது பார்வைக்குப் படாமல் பின்னால் நின்று, காற்றோ அதிர்வோ தெரியாத தூரத்திலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். காது அசையவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கேளாத நாயும் கைச்சாடையில் அருமையாகக் கற்றுக்கொள்ளும்.

மூன்றாம் படி: இனத்தின் இயல்பையும் வயதையும் கணக்கில் கொள்வது

உடலில் குறை இல்லை என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி, இந்த நடத்தை உண்மையில் கோளாறா என்பது. ஓராண்டு நிரம்பாத லேப்ரடார் அடங்காமல் இருப்பது வயதின் இயல்பு. ஆடு மேய்க்க உருவாக்கப்பட்ட பார்டர் கோலிக்கு அசைவதையெல்லாம் துரத்தத் தோன்றுவதும், முயல் வேட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் தூரத்துப் பூனையைக் கண்டதும் கூப்பிடும் குரலை மறந்துவிடுவதும் கவனக்குறைவு ஆகாது. நாம் விரும்பும் இடத்தில் கவனம் இல்லையே தவிர, கவனம் கூர்மையாகத்தான் இருக்கிறது. இத்தகைய நாயை மூன்றாம் மாடி வீட்டில் வைத்து, காலையில் பத்து நிமிடம் மட்டும் கீழே கூட்டிப்போய் வந்தால், அது பால்கனியில் ஓயாமல் நடப்பதற்கு நோய்ப்பெயர் தேட வேண்டியதில்லை. மருத்துவ நூல்கள் சொல்லும் உண்மையான மிகைத் துடிப்பு நோய் நாய்களிடம் அரிது. அமைதியான சூழலிலும் இதயத் துடிப்பும் மூச்சும் தணியாமல் இருப்பது அதன் அடையாளம். ஏடிஹெச்டி உள்ளோருக்குத் தரும் ஊக்கி மருந்தைக் கொடுத்தால் அத்தகைய நாய் துள்ளாமல் அமைதியடையும் என்பதை வைத்தே மருத்துவர்கள் அதை உறுதிசெய்கிறார்கள். வீட்டில் செய்து பார்க்கத்தக்க சோதனை இது அல்லவே அல்ல.

நான்காம் படி: ஒரு நாளைத் திருத்தி அமைப்பது

பயிற்சியைவிட இந்தப் படியே அதிக மாற்றத்தைத் தரும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தூக்கம். வளர்ந்த நாய் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரமளவில் தூங்கும். குட்டிகளுக்குப் பதினெட்டு மணி நேரம்கூடத் தேவைப்படும். கூட்டுக் குடும்பத்தில், எந்நேரமும் தொலைக்காட்சி ஓடும் கூடத்தின் நடுவே, வருவோர் போவோரெல்லாம் தட்டி எழுப்பும் குட்டி மாலை ஏழு மணிக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் கடிக்கிறது என்றால், அது களைத்துப்போன குழந்தையின் அழுகைதான். வாசல் தெரியாத, மின்விசிறிக் காற்று வரும் ஒரு மூலையை அதற்கென ஒதுக்குங்கள். அங்கே படுத்திருக்கும்போது அதைத் தொடக்கூடாது என்பதை வீட்டுக் குழந்தைகளுக்குச் சட்டமாகவே ஆக்குங்கள்.

அடுத்தது மோப்பம். கழுத்துப்பட்டையை இழுத்துக்கொண்டு வேகமாக நடத்திக் கூட்டிவருவதால் கால் களைக்கும், மனம் களைக்காது. நெஞ்சுப்பட்டையும் நீளக் கயிறும் போட்டு, அரை மணி நேரம் அது விரும்பும் ஒவ்வொரு கம்பத்தையும் வேலியோரத்தையும் ஆற அமர மோந்துகொள்ள விடுங்கள். உணவை மோப்பத்தால் தேடும் விளையாட்டில் தொடர்ந்து ஈடுபட்ட நாய்கள், புதிய சூழலை நம்பிக்கையோடு அணுகியதை 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. நம் வெயிலில் இந்த நடையைக் காலை ஏழு மணிக்குள்ளோ சூரியன் சாய்ந்த பிறகோ வைத்துக்கொள்ள வேண்டும். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அங்கே படக்கூடாது.

மூன்றாவது, உணவைத் தட்டில் கொட்டாமல் உழைத்துப் பெறச் செய்வது. விலை கூடிய பொம்மை எதுவும் தேவையில்லை. பழைய துண்டு ஒன்றை விரித்து, உலர் உணவைத் தூவி, பாய்போல் சுருட்டிக் கொடுத்தால் கால் மணி நேரம் வேலை ஆகும். உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர்சாதத்தைக் குழியுள்ள ரப்பர் பொம்மையில் அடைத்து, இரவே உறைய வைத்துவிட்டால், கோடை மதியத்தில் அதை நக்கிக்கொண்டே நாய் தணிந்து படுக்கும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டி) சேர்த்த இனிப்பு ஆகியவை எந்த வடிவிலும் சேரக்கூடாது. சாம்பார் சாதம் கொடுக்கும் வீடுகள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பூனைக்கு வேண்டியது உயரமும் ஒளிவிடமும். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் சிறுநீர்ப்பை அழற்சியுள்ள வீட்டுப் பூனைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, சூழலைச் சீரமைப்பதாலேயே நோய்க்குறிகள் வெகுவாகக் குறைவதைக் காட்டினார். அலமாரியின் மேல் ஒரு படுக்கை, நுழைந்து மறைய ஓர் அட்டைப்பெட்டி, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக மண்பெட்டிகள், உணவும் தண்ணீரும் மண்பெட்டியும் வெவ்வேறு இடங்களில், நாள்தோறும் ஒரே நேரத்தில் இரை பிடிக்கும் விளையாட்டு. இரண்டு பூனைகள் ஒன்றையொன்று பார்க்காமலேயே உண்ண முடிகிறதா என்று பாருங்கள். சண்டையே போடாத பூனைகளும் வெறும் பார்வையால் ஒன்றையொன்று வழிமறிக்கும்.

இறகு பிடுங்கும் கிளிகளில், உணவைத் தேடி, கிழித்து, பிரித்து எடுக்க வேண்டிய ஏற்பாடு செய்தால் அந்தப் பழக்கம் குறைவதைக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் அமேசான் கிளிகளை வைத்து நிரூபித்திருக்கிறார்கள். நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஐந்தாம் படி: நாம் செய்வதை நிறுத்துவது

அடி, அதட்டல், கழுத்தை நெரிக்கும் சங்கிலி, மின்னதிர்வுப் பட்டை ஆகியவை பதற்றத்தைக் கூட்டும். போர்ச்சுகலில் பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 நாய்களை ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வில், தண்டனை முறைகளைப் பின்பற்றிய பள்ளிகளின் நாய்களிடம் பதற்ற நடத்தையும் பயிற்சிக்குப் பிந்தைய கார்ட்டிசால் (மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோன்) அளவும் கூடுதலாக இருந்தன. வீடு திரும்பியபோது கிழிந்து கிடக்கும் மெத்தைக்காக நாயை அதட்டுவது, எப்போதோ நடந்ததற்கு இப்போது தரும் தண்டனை. அதற்குத் தொடர்பு புரியாது. 'தப்பு பண்ணினது முகத்துல தெரியுது' என்று நாம் சொல்லும் அந்தக் குறுகிய உடலும் தாழ்ந்த தலையும் நம் முகத்தைக் கண்டு எழும் அச்சம் மட்டுமே.

லேசர் ஒளிப்புள்ளியைத் துரத்த விடும் விளையாட்டையும் நிறுத்திவிடுங்கள். எவ்வளவு ஓடினாலும் இரை கையில் சிக்காத அந்த விளையாட்டுக்கும், பூனைகள் ஒளியையும் நிழலையும் வெறித்துத் துரத்தும் பழக்கத்துக்கும் தொடர்பு இருப்பதாக 2021-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நாய்களில் இப்பழக்கம் ஒட்டிக்கொண்டால் கைக்கடிகாரக் கண்ணாடியின் பிரதிபலிப்பே அதை மணிக்கணக்கில் ஆட்டிவைக்கும்.

நம் மனநிலையும் இதில் சேரும். ஸ்வீடனின் லிங்ஷொப்பிங் பல்கலைக்கழகத்தில் 58 நாய்களின் முடியையும் அவற்றின் உரிமையாளர்களின் முடியையும் எடுத்துக் கார்ட்டிசாலை அளந்தபோது, நீண்டகால மன அழுத்தம் இருவரிடமும் ஒத்துப்போனது. இதைக் கேட்டு எவரும் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். வீட்டில் இடைவிடாத வாக்குவாதம் நடக்கும் நேரங்களில் நாயை வேறோர் அறைக்கு மாற்றுவது போன்ற எளிய காரியம்கூட உதவும்.

ஆறாம் படி: கற்றுக்கொடுப்பது

கவனக்குறைவுக்கு: ஓசையற்ற அறையில், நாய் தானாக உங்கள் முகத்தைப் பார்க்கும் நொடியில் 'நல்லது' என்று சொல்லி ஒரு சிறு தின்பண்டம் கொடுங்கள். கூப்பிட வேண்டாம், கெஞ்ச வேண்டாம். பார்வை தானாக வர வேண்டும். ஓர் அமர்வு மூன்று நிமிடத்தைத் தாண்டக்கூடாது. அறையில் உறுதியான பிறகு மொட்டைமாடி, பிறகு படிக்கட்டு, பிறகு தெருமுனை என்று ஒவ்வோர் இடமாகக் கூட்டிச் செல்லுங்கள். தெருவில் தோற்றால் மொட்டைமாடிக்குத் திரும்புங்கள்.

பிரிவுப் பதற்றத்துக்கு: சிகிச்சைக் காலத்தில் நாய் தாங்கக்கூடிய நேரத்துக்கு மேல் அதைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் அடித்தளம். பாட்டி, பக்கத்து வீட்டார், விடுப்பு, மாற்றி மாற்றி வேலைக்குப் போவது என்று எப்படியாவது ஏற்பாடு செய்ய வேண்டும். முதலில், சாவியை எடுத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பது, செருப்பை மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போவது என்று புறப்பாட்டின் அடையாளங்களைப் பொருளற்றவை ஆக்குங்கள். பிறகு கதவுக்கு வெளியே ஐந்து நொடி நின்று, நாய் பதறும் முன்பே திரும்புங்கள். செல்போன் திரையில் அதன் உடல் தளர்வாக இருந்தால் மட்டுமே நேரத்தைக் கூட்டுங்கள். சில நாள் பத்து நொடி, சில நாள் அதைவிடக் குறைவு. வாரங்களுக்கு இழுக்கும் வேலைதான். அரை மணி நேரத்தை அமைதியாகக் கடந்துவிட்ட நாய்க்கு அதற்கு மேல் கூட்டுவது பெரும்பாலும் எளிதாக இருக்கும்.

ஒலியச்சத்துக்கு: தீபாவளியை எண்ணி ஆடி மாதமே தொடங்குங்கள். பட்டாசுச் சத்தப் பதிவை நாயின் காது மட்டும் லேசாகத் திரும்பும் அளவுக்குக் குறைத்து வைத்து, ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் கோழித்துண்டு ஒன்றைக் கொடுங்கள். சத்தம் முந்த வேண்டும், உணவு பிந்த வேண்டும். வரிசை மாறினால் உணவே அச்சத்தின் முன்னறிவிப்பாகிவிடும். பெர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி ரீமர் 1,225 உரிமையாளர்களிடம் விசாரித்தபோது, உண்மையான வெடிச்சத்தத்தின்போதே உணவோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோர் முன்னேற்றம் கண்டதாகச் சொன்னார்கள். ஆறுதல் சொல்லி அணைத்தால் பயம் அதிகமாகும் என்று பரவலாக நம்பப்படுகிறது. அது தவறு, அச்சம் ஓர் உணர்ச்சி, அரவணைப்பு அதற்குப் பரிசாகி அதை வளர்ப்பதில்லை. மடியில் வந்து ஒண்டிக்கொண்டால் அணைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி அன்று, தமிழ்நாட்டில் அரசு அனுமதிக்கும் நேரம் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் என்றாலும், முந்தைய இரவு தொடங்கி மறுநாள் வரை வெடிச்சத்தம் ஓயாது என்று கொள்வதே பாதுகாப்பு. அதிகாலை நான்கு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் வெளியே கூட்டிச் சென்று வாருங்கள், அதுவும் கயிற்றோடு மட்டுமே. தொலைபேசி எண் பொறித்த வில்லையைக் கழுத்தில் மாட்டுங்கள். அன்று மிரண்டு ஓடித் தொலையும் நாய்கள் ஏராளம். சன்னலில் கனத்த போர்வையைத் தொங்கவிட்டு, விசிறியை முழு வேகத்தில் வைத்து, உள்ளறையை அதற்குக் கொடுங்கள்.

ஏழாம் படி: மருந்து எப்போது

மேற்சொன்னவற்றை முறையாகச் செய்தும் நாய் உண்ணவோ உறங்கவோ முடியாமல் தவித்தால், கதவைப் பிறாண்டி நகம் பெயர்த்துக்கொண்டால், வாலைக் கடித்துப் புண்ணாக்கினால், மருந்தைத் தள்ளிப்போடக்கூடாது. 'மனநோய் மாத்திரை கொடுத்து மந்தமாக்குவதா' என்ற தயக்கத்தைப் பல வீடுகளில் பார்க்கிறேன். சரியான மருந்து நாயை மந்தமாக்காது; பதற்றம் தணிந்தால்தான் ஆறாம் படியில் சொன்ன பாடங்கள் அதன் மனத்தில் ஏறும். வாலைத் துரத்துவது, விலாவைச் சப்புவது போன்ற கட்டாயப் பழக்கங்களில் மரபணுவுக்கும் பங்குண்டு. டாபர்மன் நாய்கள் விலாவையோ போர்வையையோ ஓயாமல் சப்பும் பழக்கத்தை ஏழாம் குரோமோசோமில் சிடிஹெச்2 மரபணு உள்ள பகுதியோடு 2010-இல் தொடர்புபடுத்தினார்கள். பிறப்பிலேயே வந்த ஒன்றைக் கண்டிப்பால் மட்டும் மாற்ற முடியாது.

பிரிவுப் பதற்றத்துக்காக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் குளோமிப்ரமினை 1998-லும் ஃபுளூவாக்ஸெட்டினை 2007-லும் நாய்களுக்கு அனுமதித்தது. சத்த அச்சத்துக்காக ஈறில் தடவும் டெக்ஸ்மெடெட்டோமிடின் களிம்பு 2015-இல் அனுமதி பெற்றது. முதல் இரண்டும் நாள்தோறும் கொடுக்க வேண்டியவை, முழுப் பலன் தெரிய நான்கு முதல் எட்டு வாரம் ஆகலாம். முதல் வாரத்தில் பசி குறைந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அசிப்ரோமசின் என்ற மயக்கமூட்டும் மாத்திரையை மட்டும் தீபாவளிக்குக் கேட்டு வாங்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அது உடலை அசையவிடாமல் செய்யுமே தவிர அச்சத்தைக் குறைக்காது. அசைய முடியாமல் அத்தனை வெடியையும் கேட்டுக்கொண்டிருக்கும் கொடுமை அது.

மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது, உண்ணிக்காக நாயைக் குளிப்பாட்டும் மருந்தின் பெயர். நம் ஊரில் பரவலாகப் பயன்படும் அமிட்ராஸ், ஃபுளூவாக்ஸெட்டினோடும் குளோமிப்ரமினோடும் சேரக்கூடாது. உண்ணிக்கு வேறு மருந்து கேட்டு வாங்க வேண்டும். வலிக்குத் தரும் டிரமடாலும் இவற்றோடு சேர்ந்தால் ஆபத்து விளைவிக்கக்கூடியது. வீட்டில் பெரியவர்களுக்காக வைத்திருக்கும் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும்.

மருந்து பலன் தந்தால் அந்த நிலையிலேயே சில மாதங்கள் நிலைப்படுத்தி, இடையில் பயிற்சியை விடாமல் தொடர்ந்து, அதன் பிறகு மருத்துவர் தரும் அட்டவணைப்படி வாரக்கணக்கில் அளவைக் குறைக்க வேண்டும். குறைக்கும் காலத்தை வீடு மாறும் மாதத்திலோ, கல்யாண வீட்டுக் கூட்டத்திலோ, ஐப்பசியிலோ வைத்துக்கொள்ளாமல், தை பிறந்து பொங்கல் கூட்டமும் ஓய்ந்த பிறகு தொடங்குவது நல்லது. குறைக்கும்போது பழைய அறிகுறி ஒன்று திரும்பினாலும் உடனே முந்தைய அளவுக்குப் போவதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். சில நாய்களுக்கு ஆயுள் முழுதும் மருந்து தேவைப்படும். நீரிழிவுள்ள நாய்க்கு நாள்தோறும் இன்சுலின் போடுவதைப் போலவே அதையும் தயங்காமல் கொடுக்கலாம்.